புளூட்டோ எந்த ராசியில் இருந்தால் எந்தப் பாட்டு பிடிக்கும்?

கேள்வி இதுதான்: "நான் 1976இல் பிறந்தவன். அப்பா 1950, மகள் 2009. மூன்று பேரும் காரில் போனால் பாட்டு விஷயத்தில் ஒத்தே போவதில்லை. அப்பாவுக்கு எம்.எஸ்.வி., எனக்கு ராஜாவும் ரகுமானும், மகளுக்கு அனிருத்தும் கொரியன் பாட்டும். நாம் பிறக்கும்போது புளூட்டோவும் நெப்டியூனும் நின்ற ராசிதான் ஒரு தலைமுறையின் இசையைத் தீர்மானிக்கிறது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? நம் ஜாதக முறையில் இதைப் பார்க்க முடியுமா?"

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராசி ரசனையைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பர் சொல்வது போகிறபோக்கில் தள்ளிவிடக்கூடிய பேச்சும் இல்லை. அதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது, அந்தக் கதையில் நிஜமான இசைக்காரர்கள் இருக்கிறார்கள். தாத்தாவிடம் உட்கார்ந்து ஜாதகம் கணிக்கக் கற்றவன் நான். இசைத்தட்டு சேர்ப்பது அதற்கு அப்புறம் ஒட்டிக்கொண்ட பழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பிறந்த தேதிகளை எடுத்துப் பல ராத்திரிகள் சரிபார்த்திருக்கிறேன். அதில் கிடைத்ததைச் சொல்கிறேன்.

தலைமுறைக்கு ஏன் இந்தக் கிரகங்களைப் பிடித்தார்கள் என்பதற்குக் காரணம் வேகம். சந்திரன் ஒரு ராசியை இரண்டேகால் நாளில் கடந்துவிடும். குருவுக்கு ஒரு வருடம், சனிக்கு இரண்டரை வருடம். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்களுக்குக்கூட சனி வேறு வேறு ராசியில் இருக்கலாம். யுரேனஸ் சூரியனைச் சுற்ற 84 வருடம், நெப்டியூனுக்கு 165, புளூட்டோவுக்கு 248. அதனால் யுரேனஸ் ஒரு ராசியில் ஏழு வருடமும் நெப்டியூன் பதினான்கு வருடமும் தங்கும். அந்த வருடங்களில் பிறந்த அத்தனை பேர் ஜாதகத்திலும் அது ஒரே இடத்தில்தான் இருக்கும். தனி மனிதனுக்குப் பலன் சொல்ல உதவாததைத் தலைமுறைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேற்கத்திய ஜோதிடத்தில் நெப்டியூன் கற்பனைக்கும் இசைக்கும், யுரேனஸ் திடீர் மாற்றத்துக்கும் மின்சாரத்துக்கும், புளூட்டோ அழித்துப் புதிதாக்குவதற்கும் காரகன்.

இந்தக் கதையில் இசை ஆரம்பத்திலிருந்தே கலந்திருக்கிறது. 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் தொழிலால் இசைக்கலைஞர். ஜெர்மனியின் ஹானோவரில் ராணுவ பேண்டில் ஓபோ வாசித்தவர், இங்கிலாந்து போய் பாத் நகரத்துத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து, இருபதுக்கு மேல் சிம்பொனிகள் எழுதியவர். பகலில் பாட்டு வகுப்பு, ராத்திரி தொலைநோக்கி என்று வாழ்ந்த மனிதர்.

அப்புறம் குஸ்தாவ் ஹோல்ஸ்ட். கிரகங்களின் பேரில் ஏழு பகுதிகள் கொண்ட அவருடைய பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்பு 1914இல் தொடங்கி முதல் உலகப்போர் நடக்கும்போது எழுதப்பட்டு, 1918 செப்டம்பரில் லண்டனில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. கேட்டிருக்கிறீர்களா? ஹாலிவுட்டின் விண்வெளிப் படங்களில் வரும் கனமான போர் இசைக்கெல்லாம் அதன் செவ்வாய்ப் பகுதிதான் முன்னோடி. வானவியலுக்காக இல்லை, ஜாதகம் பார்க்கும் ஆசையில் எழுதினார். அலன் லியோ என்ற ஆங்கில ஜோதிடரின் புத்தகங்களை ஆழ்ந்து படித்து, நண்பர்களுக்கு ஜாதகமும் கணித்துக் கொடுத்தவர் ஹோல்ஸ்ட். ரிக் வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைப்பதற்காகச் சமஸ்கிருதமும் படித்தார். கடைசிப் பகுதி நெப்டியூன். மேடைக்கு வெளியே ஓர் அறையில் பெண்கள் பாடுவார்கள். கதவை மெல்ல மெல்ல மூடுவார்கள். பாட்டு எங்கே முடிந்தது என்று காதுக்குத் தெரியாது. 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தபோது ஹோல்ஸ்ட் உயிரோடுதான் இருந்தார், ஆனால் அதற்கென்று ஒரு பகுதி எழுதவில்லை.

மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் மையம். டேன் ருத்யார், 1895இல் பாரிஸில் பிறந்து 1916இல் அமெரிக்கா போனவர். அவரும் இசையமைப்பாளர், நவீன பியானோ இசை எழுதியவர். ருத்ரன் என்ற சொல்லிலிருந்து தன் பெயரை அமைத்துக்கொண்டார். இந்திய இசையைப் பற்றி அவர் எழுதிய ஒரு சிறு புத்தகம் 1928இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் பதிப்பகத்தில்தான் அச்சானது. 1930களில் ஜோதிடத்தின் பக்கம் திரும்பி, தூரத்துக் கிரகங்களைத் தனி மனிதனுக்கு அல்ல, தலைமுறைக்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆனார். உங்கள் நண்பர் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. இந்த யோசனையை வளர்த்தவர் ஓர் இசையமைப்பாளர் என்பதால், தலைமுறையையும் இசையையும் சேர்த்துப் பேசுவது எனக்கு இயல்பாகவே படுகிறது.

1960களில் இது தெருவுக்கு வந்தது. 1967இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஹேர்' என்ற இசை நாடகத்தின் ஒரு பாட்டு, கும்ப யுகம் என்று ஜோதிடர்கள் சொல்லும் புது யுகம் பிறக்கிறது என்று பாடும். அடுத்த வருடம் பிராட்வேயில் அதை மேடையேற்றும்போது ஜோதிடரைக் கேட்டுத்தான் நாள் குறித்தார்கள். 1969இல் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே வருடம் ஆகஸ்டில் நடந்த வுட்ஸ்டாக் விழாவின் சுவரொட்டியில் 'கும்ப யுகக் கண்காட்சி' என்று அச்சடித்திருந்தார்கள். நான்கு லட்சம் பேர் சேற்றில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டார்கள். முதல் நாள் ராத்திரி மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார்.

சரி, இனிச் சோதிப்போம். மேற்கத்திய முறைப்படி புளூட்டோ கடகத்தில் இருந்தது ஏறத்தாழ 1914 முதல் 1939 வரை. சிம்மம் 1939 முதல் 1957 வரை. அதன் பின் கன்னி 1971 வரை, துலாம் 1983 வரை, விருச்சிகம் 1995 வரை, தனுசு 2008 வரை. எல்லைகளில் வக்ரத்தால், அதாவது கிரகம் பின்னோக்கி நகர்வது போலத் தெரிவதால், முன்னும் பின்னுமாக ஓரிரு வருடம் ஆடும். ஒன்றைக் கவனியுங்கள்: கடகத் தலைமுறைக்கு 25 வருடம், விருச்சிகத் தலைமுறைக்கு 12 வருடம். புளூட்டோவின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் வருகிற வித்தியாசம் இது. மனிதர்களின் தலைமுறை இப்படிச் சுருங்கி விரிவதில்லை. அந்த நெருடலை இப்போதைக்கு ஓரமாக வைப்போம்.

ஜோதிடர்களின் பலமான வாதம் சிம்மத்தில்தான் இருக்கிறது. லெனன் 1940, டிலன் 1941, மெக்கார்ட்னியும் ஹென்ட்ரிக்ஸும் 1942, ஜாக்கரும் ஜானிஸ் ஜோப்ளினும் ஜார்ஜ் ஹாரிசனும் 1943. எல்லோருக்கும் புளூட்டோ சிம்மத்தில். சிம்மம் என்றால் மேடை, நான் என்ற முழக்கம், அரசனைப் போல நிற்பது. இந்த வாதத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கர்கள் 'பேபி பூமர்' என்று சொல்லும் தலைமுறை 1946இல்தான் தொடங்குகிறது. அந்தக் கணக்கில் பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட அந்தத் தலைமுறை இல்லை. சமூகவியலின் கோட்டுக்கு வெளியே நின்றவர்களைப் புளூட்டோவின் கோடு உள்ளே சேர்த்துக்கொள்கிறது. முதன்முதலாக இதைப் பார்த்தபோது நானும் அசந்துதான் போனேன்.

ஆனால் பீட்டில்ஸ் பையன்கள் யாரைக் கேட்டு கிதார் பிடித்தார்கள்? எல்விஸ் 1935. சக் பெர்ரி 1926. லிட்டில் ரிச்சர்ட் 1932. பட்டி ஹாலி 1936. அத்தனை பேரும் கடகம். கடகத்துக்கு மேற்கத்திய ஜோதிடர் சொல்லும் குணம் வீடு, தாய், பாதுகாப்பு, பழையதைக் கட்டிக்காப்பது. அமெரிக்க வீடுகளில் அப்பா அம்மாவைக் கதிகலங்க வைத்த ராக் அண்ட் ரோல் இந்த ராசியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? இன்னொன்று: ஃபிராங்க் சினாட்ரா 1915. அவருக்கும் புளூட்டோ கடகம். 1957இல் ராக் அண்ட் ரோலைக் கடுமையாகச் சாடியவர் அவர். மூன்றே வருடத்தில், 1960இல், ராணுவத்திலிருந்து திரும்பிய எல்விஸைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்து, ஒருவர் பாட்டை மற்றவர் மாற்றிப் பாடினார்கள். இருபது வருட இடைவெளி, இரண்டு வேறு உலகம், ஒரே ராசி. இதைத் தலைமுறைக் கணக்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பங்க் இசையையும் பாருங்கள். ஹிப்பிகளை வெறுத்து, நீண்ட கிதார் ஆலாபனைகளைக் கிண்டல் செய்து, மூன்றே கிதார் கார்டில் கத்திய லண்டன் பையன்கள். செக்ஸ் பிஸ்டல்ஸின் ஜானி ராட்டன் 1956 ஜனவரியில் பிறந்தவர். புளூட்டோ அவருக்கும் சிம்மம்தான், ஹென்ட்ரிக்ஸுக்கு இருந்த அதே சிம்மம். இங்கே ஜோதிடர் நெப்டியூனை எடுப்பார். ஹென்ட்ரிக்ஸுக்கு நெப்டியூன் துலாமில், சமாதானமும் அன்பும். ராட்டன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான் அது விருச்சிகத்துக்குள் நுழைந்தது, கோபமும் கொந்தளிப்பும். அழகான விளக்கம். ஆனால் அதே இயக்கத்தின் இன்னொரு தூணான கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் 1952இல் பிறந்தவர். அவருக்கு நெப்டியூன் துலாம். கோபத்தில் அவர் யாருக்கும் இளைத்தவர் இல்லை.

இதே நெப்டியூன் விருச்சிகத்தில் ஜோதிடர்கள் பெருமையாகக் காட்டும் ஒன்று இருக்கிறது: 1958. ஜூன் 7 பிரின்ஸ், ஆகஸ்ட் 16 மடோனா, ஆகஸ்ட் 29 மைக்கேல் ஜாக்சன். மூன்று மாதத்துக்குள், மினசோட்டா, மிச்சிகன், இண்டியானா என்று பக்கம் பக்கமாக மூன்று மாநிலங்களில் மூன்று பேர். 1980களின் பாப் இசையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். உடம்பும் மர்மமும் ஆசையும் விருச்சிகத்தின் விஷயங்கள், மூவர் பாட்டிலும் அது பொங்குகிறது. எனக்கும் இது மெய்சிலிர்க்கும் தற்செயல்தான். ஆனால் இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. பாட்டைக் கேட்பதோடு பார்க்கவும் வேண்டும் என்ற காலம் பிறந்த நாளில் இந்த மூவருக்கும் வயது 22, 23. நன்றாக ஆடத் தெரிந்த, கேமராவுக்குப் பயப்படாத, இளமை மாறாத வயது. பத்து வருடம் முன்னால் பிறந்திருந்தால் அப்போது 33.

இதற்கெல்லாம் மேலாக என்னைத் தூங்கவிடாத ஜோடி ஒன்று உண்டு. ஏ.ஆர்.ரகுமான் 1967 ஜனவரி 6, சென்னை. நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1967 பிப்ரவரி 20, வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன். ஆறு வாரம்தான் வித்தியாசம். 1965-66இல் யுரேனஸும் புளூட்டோவும் கன்னியில் சேர்ந்தன. நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்த சேர்க்கை. இருவர் ஜாதகத்திலும் அந்தச் சேர்க்கையின் ஈரம் இன்னும் காயவில்லை. நெப்டியூன் இருவருக்கும் விருச்சிகம். கோபேன் தன் 24ஆம் வயதில், 1991 செப்டம்பரில் வந்த ஆல்பத்தால் அமெரிக்க ராக்கைப் புரட்டிப்போட்டார். ரகுமான் தன் 25ஆம் வயதில், 1992 ஆகஸ்டில் வந்த 'ரோஜா'வால் நம் சினிமா இசையைப் புரட்டிப்போட்டார். தலைமுறை ஜோதிடத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி உலகத்தில் கிடைக்காது.

ஆனால் அந்த இரண்டு இசையையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒருவர் வீட்டுப் பின்புறம் கட்டிய ஸ்டுடியோவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு ஒலியையும் கணினியில் தேய்த்து மெருகேற்றியவர். இன்னொருவர் கிதாரின் கரகரப்பையும் தொண்டை கிழியும் கத்தலையும் அப்படியே விட்டவர். ஒருவர் இசையில் பிரார்த்தனை இருக்கிறது, இன்னொருவர் இசையில் வெறுப்பும் வலியும். கோபேன் 27 வயதில் தற்கொலை செய்துகொண்டார். வானம் ஒன்றுதான், ஆனால் ரகுமானுக்கு இசையமைப்பாளரான அப்பாவின் கீபோர்டுகளும், ஒன்பது வயதில் அந்த அப்பாவை இழந்தபின் குடும்பத்துக்காக ஸ்டுடியோக்களில் வாசிக்க வேண்டிய கட்டாயமும் இருந்தன. கோபேனுக்கு மரம் அறுக்கும் ஊரும், பிரிந்துபோன அப்பா அம்மாவும், பழைய பங்க் ரெக்கார்டுகளும். 'இருவரும் தம் காலத்து இசையை மாற்றினார்கள்' என்ற ஒரு வரிக்கு மேல் அந்தச் சேர்க்கையால் எதையும் சொல்ல முடியவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நம் முறையில் பார்க்க முடியுமா என்பது. பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா? மேலே நான் சொன்ன ராசிகள் எல்லாம் சாயனக் கணக்கு, அதாவது வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் புள்ளியிலிருந்து ராசிகளை அளக்கும் மேற்கத்திய முறை. நாம் பார்ப்பது நிராயனம், நட்சத்திரங்களை வைத்து அளப்பது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சத்தைக் கழிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் லாகிரி கணக்கில் அது 1967இல் 23 பாகைக்கு மேல், இப்போது 24ஐத் தாண்டிவிட்டது. குருவுக்கு 24 பாகை என்றால் பத்து மாதத்துச் சங்கதி. புளூட்டோவுக்கு அது பத்து முதல் இருபது வருடம். அதாவது தலைமுறையின் எல்லைக்கோடே அவ்வளவு வருடம் தள்ளிப்போகிறது. ரகுமானும் கோபேனும் நம் கணக்கில் கன்னி அல்ல, சிம்மம். லெனனும் டிலனும் சிம்மம் அல்ல, கடகம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கண்டேன், மறைக்காமல் சொல்ல வேண்டும். நிராயனத்தில் போட்டால் சில இடங்களில் கணக்கு இன்னும் நன்றாக உட்காருகிறது. எல்விஸும் லெனனும் ஒரே கடகத்துக்கு வந்துவிடுகிறார்கள், சினாட்ரா மிதுனத்துக்குப் போய்விடுகிறார். ஹென்ட்ரிக்ஸ் கடகம், ஜானி ராட்டன் சிம்மம் என்று ஹிப்பியும் பங்கும் பிரிகின்றன. ஆகா என்று நிமிர்ந்தேன். அப்புறம் சக் பெர்ரியைப் போட்டால் அவர் சினாட்ராவோடு மிதுனத்தில் உட்காருகிறார். ராக் அண்ட் ரோல் கிதாரின் தகப்பன் என்று சொல்லத்தக்கவர் அவர். ஸ்ட்ரம்மர் மறுபடி ஹிப்பிகள் பக்கம், கடகத்தின் கடைசியில் போய் நிற்கிறார். எந்த முறையில் கோடு போட்டாலும் சிலர் பொருந்துகிறார்கள், சிலர் உதறிக்கொண்டு வெளியே வருகிறார்கள். பொருந்துகிறவர்களை மட்டும் எடுத்துச் சொன்னால் எந்த முறையையும் நிரூபித்துவிடலாம்.

உங்கள் காருக்கே வருவோம், விடை அங்கேதான் இருக்கிறது. நண்பரின் சாயனக் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். 1950இல் பிறந்த உங்கள் அப்பாவுக்குப் புளூட்டோ சிம்மம். அவர் உயிரை விடும் எம்.எஸ்.வி. 1928இல் பிறந்தவர், கடகம். 1976இல் பிறந்த நீங்கள் துலாம். உங்கள் ராஜா 1943, சிம்மம், அதாவது உங்கள் அப்பாவின் ராசி. உங்கள் ரகுமான் கன்னி. 2009இல் பிறந்த மகள் மகரம். அவள் கேட்கும் அனிருத் 1990, விருச்சிகம். கொரியன் பாட்டு என்றால் பெரும்பாலும் பிடிஎஸ் என்ற பாட்டுக் குழுவாக இருக்கும். அந்த ஏழு பேரில் ஐந்து பேர் 1992க்கும் 1995 அக்டோபருக்கும் இடையில் பிறந்தவர்கள், விருச்சிகம். மற்ற இருவர் அதன் பிறகு, தனுசு. ஒரே குழுவுக்குள் புளூட்டோவின் இரண்டு தலைமுறை.

உங்கள் மூவரில் யாருமே தன் ராசிக்காரர் போட்ட இசையைக் கேட்கவில்லை. சொல்லப்போனால் ஆச்சரியமும் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இசை போடுகிறவருக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு தலைமுறையின் பாட்டு என்று நாம் சொல்வது அநேகமாக அதற்கு முந்திய தலைமுறை செய்து கொடுத்தது. பார்க்க வேண்டிய ஜாதகம் பாட்டைக் கேட்கிறவனுடையதா, பாடுகிறவனுடையதா என்ற இந்தக் கேள்வியைத் தலைமுறை ஜோதிடர்கள் கேட்பதே இல்லை. வுட்ஸ்டாக்கில் மேடையில் ரவிசங்கர் 1920, ஹென்ட்ரிக்ஸ் 1942, சந்தானா 1947. கீழே சேற்றில் இருந்த பெரும்பாலோர் இருபதை ஒட்டிய பிள்ளைகள்.

அப்படியானால் ரசனையை எது கட்டுகிறது? 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பல வயதுக்காரர்களுக்கு 1930கள் முதல் 1980கள் வரை வந்த பாட்டுகளைப் போட்டுக்காட்டி, எது அதிகம் பிடிக்கிறது என்று கேட்டார்கள். அவரவர் ஏறக்குறைய 23, 24 வயதில் இருந்தபோது பிரபலமாக இருந்த பாட்டுக்குத்தான் உச்ச மதிப்பெண் வந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இதை இன்னும் கீழே, பதின்வயதுக்கே கொண்டுபோகின்றன. உங்கள் அப்பாவுக்கு 16 வயது 1966இல், 24 வயது 1974இல். இலங்கை வானொலியில் எம்.எஸ்.வி. பாட்டு ஓடிய காலம் அப்படியே அதற்குள் அடங்குகிறது. 'அன்னக்கிளி' வந்த 1976இல் அவருக்கு 26 வயது, கைக்குழந்தையாக நீங்கள். அவருடைய கதவு அப்போதுதான் சாத்திக்கொண்டிருந்தது. நீங்கள் 16ஐத் தொட்ட வருடத்தில் ரோஜா வந்தது. அதனால்தான் உங்களுக்கு மட்டும் இரண்டு பேர்: பிள்ளைப் பிராயத்துக்கு ஒருவர், மீசை முளைத்தபோது ஒருவர்.

கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெம்பிஸில் எல்விஸின் முதல் இசைத்தட்டு வெளிவந்த 1954இல்தான் சட்டைப் பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. கூடத்தில் அப்பா வைத்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையணைக்கு அடியில் தங்கள் பாட்டை வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் அந்த வேலையைச் செய்தது கேசட். பாட்டுப் பட்டியலை எழுதிக்கொண்டு போய் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கி வந்த 90 நிமிடக் கேசட் உங்கள் வீட்டிலும் ஒன்றாவது இருந்திருக்கும். மகளுக்குக் காதில் மாட்டும் குமிழ். வீட்டுக்கு ஒரு பாட்டுப்பெட்டி இருந்தவரை தலைமுறைகள் ஒரே பாட்டில் வளர்ந்தன. ஆளுக்கு ஒன்று வந்தபின் பிரிந்தன. கார்ல் மன்ஹெய்ம் என்ற சமூகவியலாளர் 1928இலேயே இதன் சாரத்தை எழுதிவிட்டார்: ஒரே வருடத்தில் பிறந்ததால் மட்டும் தலைமுறை ஆகிவிடாது, இளவயதில் ஒரே அனுபவத்துக்குள் விழ வேண்டும்.

சில ஜோதிடர்கள் இதை ஒப்புக்கொண்டு, பிறந்த ராசியை விட்டுவிட்டுப் பெயர்ச்சியைப் பார்க்கச் சொல்கிறார்கள். பாட்டு வந்தபோது வானம் எப்படி இருந்தது என்று பார்ப்பது. இது மேலான வழி என்றே நினைக்கிறேன், கேள்வியாவது சரியாக இருக்கிறது. சாயனத்தில் நெப்டியூன் 1998இல் கும்பத்துக்குப் போனது, அடுத்த வருடமே நாப்ஸ்டர் வந்து உலகத்துப் பாட்டையெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கொட்டியது. கும்பம் என்றால் கூட்டம், தொழில்நுட்பம், பகிர்வு. 2011இல் மீனத்தில் கால் வைத்தது, அதே வருடம், இணையத்தில் பாட்டை ஓடவிட்டுக் கேட்க உதவும் ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கு வந்தது. மீனம் என்றால் தண்ணீர், கரையில்லாத ஓட்டம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிராயனத்தில் நாப்ஸ்டர் காலத்து நெப்டியூன் மகரத்தில், சனி வீட்டில், கட்டுப்பாட்டின் ராசியில் நிற்கிறது. பாட்டு வந்தபின் பொருள் சொல்வது எளிது. வருவதற்கு முன் யாரும் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

நம் மரபுக்குள்ளேயே தலைமுறைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அதை ஒருவரும் இந்தப் பேச்சில் எடுக்காதது எனக்கு வருத்தம். குருவும் சனியும் இருபது வருடத்துக்கு ஒருமுறை சேர்கின்றன. குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிக்க அறுபது வருடம். பிரபவ முதல் அட்சய வரை வருடங்களுக்குப் பெயர் வைத்தது இந்தக் கணக்கில்தான். உங்கள் அப்பா பிறந்தது விகிருதி வருடம். அது 2010இல் திரும்பி வந்தபோது அவருக்கு அறுபதாம் கல்யாணம் செய்திருப்பீர்கள், பேத்திக்கு அப்போது ஒரு வயது. அப்பா, பிள்ளை, பேத்தி என்று மூன்று தலைமுறையை ஒரு வட்டத்துக்குள் அடக்கும் கணக்கு இது. தூரத்துப் புளூட்டோவைவிட மனித வாழ்க்கைக்கு இது எவ்வளவோ பக்கம்.

இதையும் சோதித்தேன். குரு சனி சேர்ந்த வருடங்கள் 1961, 1981, 2000, 2020. தமிழ் சினிமா இசை கைமாறிய வருடங்கள் 1976, 1992, அப்புறம் அனிருத் வந்த 2012. ஒவ்வொரு முறையும் சேர்க்கைக்கு ஐந்து முதல் எட்டு வருடம் முன்னாலேயே பாட்டு மாறிவிட்டது. இடைவெளி ஏறக்குறைய ஒத்துவருகிறது, நாள் ஒத்துவரவில்லை. இருபது வருடத்துக்கு ஒருமுறை புதுக் காதுகள் வளர்ந்து வருகின்றன என்பதற்கு மேல் இதில் எதையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

நம் முன்னோர் கிரகத்தையும் இசையையும் சேர்த்த விதமே வேறு. முத்துசுவாமி தீட்சிதர் நவகிரகங்களுக்குக் கிருதி பாடினார். குருவுக்கு அடாணா, சுக்கிரனுக்கு பரசு, சனிக்கு யதுகுலகாம்போதி. சீடர் தம்பியப்பனின் வயிற்று நோய் தீர வேண்டும் என்று குருவின் கிருதியைப் பாடிக் கொடுத்ததாகத்தான் வழிவழியாகச் சொல்கிறார்கள். கிரகம் இசையைத் தீர்மானிக்கிறது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இசையால் கிரகத்தை வேண்டிக்கொள்கிறார்கள். ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டபோது தீட்சிதர் திருவாரூரில் சிறு பிள்ளை. அந்தச் செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை, கிருதிகள் ஒன்பதோடு நின்றன.

தனி ஜாதகத்தில் பார்க்கலாம் என்றால், மரபு சொல்வது இரண்டாம் இடம் குரல், மூன்றாம் இடம் காது, ஐந்தாம் இடம் கற்பனை, கலைக்குச் சுக்கிரன், தாளக் கணக்குக்குப் புதன். மகளுக்குப் பாட்டு வருமா என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தாத்தா இதையெல்லாம் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் கட்டத்தை விரிப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு பாடும்மா" என்பார். சில பிள்ளைகள் கீர்த்தனை பாடும், பல பிள்ளைகள் அந்த வாரத்து சினிமாப் பாட்டைப் பாடும். எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்பார். அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பிறந்த நேரம் கேட்பார்.